பவுண்டரி அண்ணையின் கடைசிப் பள்ளிக்கூடம்

கனடாவின் ஸ்காபரோவில் பவுண்டரி அண்ணையிடம் கேட்காமல் வீடு வாங்கிய தமிழர் ஒருவரும் இல்லை. அப்படி யாராவது இருந்தால் அவருக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். கிரிக்கெட்டுக்கும் அண்ணைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எந்தத் தெருவில் குடியிருந்தால் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்ற எல்லைக்கோடுதான் பவுண்டரி. அது அவருக்குத் தலைகீழாகப் பாடம். "உந்த ரோட்டில இடப்பக்கம் வாங்கினா நல்ல மிடில் ஸ்கூல். வலப்பக்கம் வாங்கினா கடவுள் விட்ட வழி," என்பார்.

இணையத்தில் புள்ளி பார்த்துப் பள்ளிக்கூடங்களை ஒப்பிடுகிற ஆள் அல்ல அவர். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்துத் தன் சாம்பல் நிற வான் வண்டியை எதிரே நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி வேவு பார்ப்பார். கொட்டுகிற பனியில் பிள்ளைகள் ஜக்கெட்டைப் பூட்டாமல் வெளியே வந்தால் அந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை. பிள்ளைகளுக்கு முந்தி ரீச்சர்மாரின் கார் வெளிக்கிட்டால் இன்னும் மோசம். பெற்றோரை உள்ளே அழைத்துக் காட்டுகிற நாட்களில் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போய், குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, வாஷ்ரூம் கதவு பூட்டுகிறதா என்றும் சோதித்துவிட்டு வருவார்.

அப்படிப் போன ஓரிடத்தில் அதிபர் அம்மா கைகுலுக்கி, "இதில் உங்கள் பிள்ளை எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். அண்ணை நிதானமாகச் சொன்ன பதில்: "இன்னும் முடிவு செய்யவில்லை." அந்த அம்மா பொலிஸைக் கூப்பிடாதது அண்ணை செய்த புண்ணியம்.

இதையாவது மன்னிக்கலாம். ஒரு செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த மகனின் தோளில் கைபோட்டு, "அப்பான்ர வீட்டை வித்துப்போடாதேங்கோ தம்பி. நல்ல பவுண்டரிக்குள்ள இருக்கு," என்றார். அதைவிட அதிர்ச்சி, அந்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஸ்கூல் அண்ணை?" என்று கேட்டதுதான்.

என் மகள் அபி ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வருடம் வந்தது. அவள் பிறப்பதற்கு முன்னரே மில்லிக்கனில் வாங்கிய எங்கள் வீட்டுக்கு, தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவின் பின்னாலுள்ள மிடில் ஸ்கூல்தான் பவுண்டரி. அண்ணை எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, உதுதான் கடைசி. உதுக்குக் கீழ ஒண்டும் இல்லை."

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணை, பிறகு என்ன செய்யிறது?"

"வித்துப்போட்டு ரூஜ் பக்கம் போங்கோ. அங்க பிள்ளையள் ஜக்கெட் சிப்பைக் கழுத்துமட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டெல்லே வருகுதுகள்!"

"நோ வே! லிங் இல்லாம நான் ஒரு இடமும் வரமாட்டன்!" என்று அபி குளறி அழுதாள். லிங் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அபிக்கு இருந்த ஒரே சிநேகிதி. அழுகையை யார் கேட்டார்கள்? விற்பனைப் பலகை நட சனிக்கிழமை வருகிறேன் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இடியப்பம் வாங்க அந்த பிளாசாவுக்குப் போனேன். பின்னால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கேற்றடியில் சாம்பல் வான் நின்றது. கடைசிப் பள்ளிக்கூடத்தில் இந்த மனிசனுக்கு என்ன அலுவல் என்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நெடுவல் பெடியன் ஜக்கெட்டை ஆவென்று திறந்துவிட்டபடி, இரண்டு சிநேகிதர்களோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்து வானுக்குள் ஏறினான். அண்ணையின் மகன்! இடியப்பப் பையோடு ஓடினேன்.

"அண்ணை! உங்கட பெடியன் இங்கையோ படிக்கிறான்?"

"ஓம்."

"உது கடைசி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"இப்பவும் சொல்லுறன். கடைசிதான்."

"பிறகேன் இங்க விட்டனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ?"

அண்ணை வானை விட்டு இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "முதலாவதா வாற ஸ்கூலிலதான் முதல் விட்டனான், தம்பி. ஒருத்தரும் அவனோட கதைக்கேல்லை. வீடு மாறி ரெண்டாவதிலையும் விட்டுப் பாத்தன். கழுத்துமட்டும் சிப் போட்டுக்கொண்டு, நிலத்தைப் பாத்துக்கொண்டு தனிய வருவான். இங்கதான் சிரிச்சுக்கொண்டு வாறான்."

"உதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எது திறம் எண்டெல்லே கேட்டனீங்கள்!"

சொல்லிவிட்டு மகனின் சிநேகிதர்கள் பக்கம் திரும்பி, "டேய், சிப்பைப் போடுங்கோடா!" என்று கத்தினார். ஒரு சொல் தமிழ் தெரியாத அந்த இரண்டு பெடியளும் உடனே சிப்பை இழுத்தார்கள்.

பலகை நடவில்லை. ஏஜெண்ட் இன்றுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அண்ணையின் மகன் இப்போது ஹைஸ்கூல். அங்கே அவன் பஸ்ஸில் போய் வருகிறானாம்; சாம்பல் வானை இந்தப் பக்கம் காணக் கிடைப்பதில்லை. நேற்று அபியும் லிங்கும் பனிக்குள் ஜக்கெட்டைத் திறந்துவிட்டபடி, எதற்கோ சிரித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடக் கேற்றால் வந்தார்கள். "சிப்பைப் போடு பிள்ளை!" என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணை வந்து ஒருக்கால் கத்திவிட்டுப் போனால் நன்றாயிருக்கும்.