சம்பல் குப்பியின் ஜாதகம்

இனி ஒரு குப்பியைக்கூடக் கழுவுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை சபதம் எடுத்தேன். சத்தமாக இல்லை, மனசுக்குள்.

இந்தோனேசியாவில், எங்கள் செமாராங் ஊரில் மனைவி கணவனை 'மாஸ்' என்று கூப்பிடுவாள். என்னிடம் உள்ள மாஸ் அந்தக் கூப்பாட்டோடு சரி. என் மனைவி யானி மிளகாய் அரைத்துச் சம்பல் செய்வாள். அதை விற்பதும், காலியான கண்ணாடிக் குப்பிகளைத் திரும்ப வாங்கி வந்து வெந்நீரில் கழுவுவதும் என் வேலை. அந்தக் காரத்தில் நான் விட்ட கண்ணீரில் இன்னும் நாலு குப்பி கழுவலாம்.

அப்போதுதான் கடற்கரை ஹோட்டல் ஒன்று மாதம் நானூறு குப்பிச் சம்பல் கேட்டது. ஒரே நிபந்தனை. கண்ணாடியா, பிளாஸ்டிக் பையா, எதில் பூமிக்குக் கேடு குறைவு என்று கணக்கோடு காட்ட வேண்டும்.

எனக்கு அது தெரியும்! மூன்று நாள் பயிற்சிக்குப் போனவன் நான். வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஒரு பொருள் மண்ணிலிருந்து வந்து குப்பைக்குப் போகும்வரை எவ்வளவு எரிபொருள், தண்ணீர், புகை என்று கூட்ட வேண்டும். பொருளுக்கு ஜாதகம் கணிப்பதுதான்.

கணித்தேன். பை ஜெயித்தது.

"பாத்தியா யானி! கண்ணாடியை உருக்க உலை, தூக்க லாரி. விஞ்ஞானமே சொல்லுது, பைக்கு மாறிடலாம்."

யானி தாளைப் புரட்டினாள். "இதுல ஒரு குப்பியை எத்தனை தடவை உபயோகிக்கிறதா போட்டிருக்கீங்க, மாஸ்?"

"ஒரு தடவை."

"நிஜத்துல?"

"ஒரு... இருபத்தஞ்சு."

"அப்போ உலையையும் லாரியையும் இருபத்தஞ்சால வகுங்க."

வகுத்தேன். கண்ணாடி ஜெயித்தது.

"வெந்நீர் கேஸைச் சேர்க்கல!" என்று பாய்ந்தேன். "சேர்த்தா பை கிட்ட வந்துடும்!"

"கூரைல கறுப்புத் தொட்டி வெச்சு வெயில்ல சுட வைங்க. கடைசி அலசலுக்கு மட்டும் கொதிநீர்."

"என் பைக் பெட்ரோல்? எல்லாத்தையும்விட அதான் பெருசு!" உற்சாகத்தில் உளறிவிட்டேன்.

"அப்படியா? காலிக் குப்பி எடுக்கன்னு சாயந்தரம் தனியா எதுக்குப் போறீங்க? சம்பல் கொடுக்கிறப்பவே வாங்கிட்டு வாங்க."

அந்தச் சாயந்தரப் பயணத்தில் ஒரு காபிக்கடையும் மூன்று நண்பர்களும் இருந்தார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பயணத்தையே கணக்கிலிருந்து அடித்தேன்.

திருத்திய கணக்கை எடுத்துக்கொண்டு யானி ஹோட்டலுக்குப் போனாள். திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"ஆர்டர் நமக்குத்தான்! மேலாளர் லஸ்மினி அம்மா உங்க கணக்கை அப்படிப் புகழ்ந்தாங்க."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "எந்தப் பகுதியை?"

"குப்பியைக் கழுவிக் கழுவி உபயோகிக்கிறதை. அவங்க ஹோட்டல்ல ஜாம் குப்பி, தேன் குப்பியெல்லாம் குப்பைக்குத்தான் போகுதாம். உங்க வீட்டுக்காரர் கழுவித் தருவாரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வாசல்ல லாரி நிக்குது, பாத்து இறக்குங்க, எல்லாம் கண்ணாடி."