பெண் பார்க்கும் நாளில் ஒரு தும்புத்தடி

முன்னறைக் கம்பளத்தில் உப்பால் வட்டம் போட்டு, காய்ந்த மூலிகைக் கட்டு ஒன்றைக் கொளுத்திவிட்டுக் கோசிகா கண்ணை மூடியிருந்தபோது அம்மா வந்துவிட்டார்.

"என்னடி இது?"

"காவல் வட்டம் அம்மா. வேண்டாதவை வாசலோடை திரும்பிப் போவினம்."

"வேண்டாதவையோ? மாப்பிள்ளை வீட்டுக்காரரடி! இன்னும் ஐஞ்சு நிமிசத்திலை வந்திடுவினம்!"

கோசிகாவுக்கு இருபத்தெட்டு வயது. மோர்டனில் பெற்றோருடன் இருக்கிறாள். பார்க்கிங் அபராதத்தை ரத்துச் செய்யச் சொல்லிக் கெஞ்சுபவர்களுக்கு 'இயலாது' என்று பதில் எழுதுவது கவுன்சிலில் அவளுடைய வேலை. அவளை விட்ச், சூனியக்காரி என்று திட்டி வாரத்துக்கு நாலு கடிதமாவது வரும். போன வருடம் ஒருநாள் அவளே நிதானமாக யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நிலவைப் பார்த்து நாள் குறித்தாள், மூலிகை காயவைத்தாள், பெயரும் படமும் போடாமல் இன்ஸ்டகிராமில் ஒரு பக்கம் திறந்தாள்.

இதுவரை ஒரே ஒரு வாடிக்கையாளர். பக்கத்து வீட்டு ஜெஸ்ரின் அன்ரி. 'வீட்டிலை ஒரு பிள்ளை மனசிலை இருக்கிறதை வாய் திறந்து சொல்ல ஏதும் செய்து தாங்கோ' என்று கேட்டிருந்தார். ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, அடுத்த கதவுக்குப் போகவேண்டிய பொதியைக் கோசிகா கோலியர்ஸ் வுட் வரை போய்த் தபாலில் போட்டாள். கராம்பும் ரோஸ்மேரியும் வைத்துத் தைத்த சின்னப் பொதி.

மூன்று கிழமை போய்விட்டது. ஜெஸ்ரினின் பதினாறு வயது மகள் இன்னும் காதில் ஹெட்போனோடு, ஒரு வார்த்தை பேசாமல் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஆகவே 'நான் விட்ச்' என்று கோசிகா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பொதிகூடப் பலிக்காதவள் எந்த முகத்தோடு சொல்வது?

அம்மா நகுலேஸ்வரி வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து உப்பை இழுத்தார். உப்போடு, கனன்றுகொண்டிருந்த மூலிகைக் கட்டும் உள்ளே போனது. கிளீனர் இருமிவிட்டுப் புகை கக்கியது.

"கருகல் மணக்குது அம்மா!"

"சாம்பிராணி போட்டால் அமரும்."

அமரவில்லை. இரண்டு புகையும் சேர்ந்து மேலே போக, சீலிங்கில் இருந்த அலாரம் தெருவுக்கே கேட்கக் கத்தத் தொடங்கியது. கோசிகா பட்டுச் சேலையோடு கதிரையில் ஏறி, கைக்கு அகப்பட்ட தும்புத்தடியால், நீளக் காம்பு விளக்குமாற்றால், அதற்கு ஓங்கி ஒரு போடு போட்டாள்.

அலாரம் நின்றது. அதே நேரத்தில் அப்பா சண்முகராசா முன்கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை நிரூபன், அவனுடைய தகப்பன் கணேசலிங்கம், தாய் சுசிலா. மூவரும் பார்த்தது இதைத்தான்: புகை, புகைக்கு நடுவில் கதிரை, கதிரையின் மேல் சிவப்பு ரிபன் கட்டிய தும்புத்தடியோடு மணப்பெண்.

"பிள்ளை... கூட்டுறாள்," என்றார் நகுலேஸ்வரி.

"சீலிங்கையோ?" என்றார் கணேசலிங்கம்.

"அவள் ஒரு இடமும் விடமாட்டாள்."

சுசிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் காலத்திலை சேலையோடை சீலிங் கூட்டிற பிள்ளை! இஞ்சரப்பா, இனி வேறை இடம் பாக்கத் தேவையில்லை."

அதற்குப் பிறகு, அறையில் கிடந்த கோசிகாவின் சாமான்களைப் பற்றி அம்மாவின் பொய்கள் தாமாகவே நடந்தன. தொங்கிய மூலிகை கறிக்கு. இரும்புச் சட்டி, "அதிலை சமைச்சால்தான் ருசி எண்டு ஒற்றைக் காலிலை நிப்பாள்." நிலவுக் கலண்டர் விரதம் பிடிக்கிறதுக்கு. இருபது நிமிடத்தில் நகுலேஸ்வரி புதிதாக ஒரு மகளைப் பெற்றெடுத்துவிட்டார். கோசிகாவுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

"கவுன்சில் வேலையை விட்டிடட்டும்," என்றார் சுசிலா. "ஆவணியிலை ஒரு நாள் வைப்பம்."

கோசிகா சோபாவில் நெளிந்தாள். குஷனுக்குக் கீழே ஏதோ குத்தியது. ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம். இப்போது சொல்லாவிட்டால் காலம் முழுக்கச் சீலிங் கூட்டவேண்டும். வாய் திறந்துகொண்டது.

"அன்ரி, நான் கூட்டேல்லை. அது என்ரை மந்திரத் தடி. நான் ஒரு விட்ச்."

தேத்தண்ணிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

"சூனியக்காரியோ?" என்றார் சுசிலா.

"ஓம். ஆனா ஆருக்கும் சூனியம் வைக்கிறேல்லை. உப்பு, மூலிகை, நிலவு. அவ்வளவுதான்."

"கடவுளே! நாங்கள் ஆர்ச்வே முருகனைக் கும்பிடுற குடும்பம். உந்த விசர் வேலையள் எங்களிட்டை இல்லை."

"உங்கடை காருக்கு முன்னாலை தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்குதே, அன்ரி."

"அது கண்ணூறுக்கு!"

"இதுவும் அதுக்குத்தான். ரெண்டு பேரும் ஒரே கடையிலைதான் தேசிக்காய் வாங்குறம்."

கணேசலிங்கம் சிரித்துவிட்டு, மனைவியைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினார். அப்போது, சோபாவின் மறுமுனையில் அதுவரை பொம்மை மாதிரி இருந்த நிரூபன் பேசினான்.

"அம்மா, நான் அக்கவுண்டன்ட் வேலையை விட்டு எட்டு மாசம். கேக் சுடுறன். எனக்கு இப்ப கலியாணமும் வேண்டாம்."

சொல்லிவிட்டு, யார் பேசியது என்பதுபோல அவனே திரும்பிப் பார்த்தான்.

சுசிலா எழும்பி வெளியேறின வேகத்தில் அவருடைய செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்க வந்த கணேசலிங்கம் கோசிகாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, முழங்கால் நோவுக்கு ஏதும் இருக்கோ?"

"இன்ஸ்டகிராமிலை மெசேஜ் போடுங்கோ, அங்கிள்."

கதவு சாத்தப்பட்டது. கோசிகா தும்புத்தடியை எடுத்து, மறைக்காமல், முன்னறைச் சுவரின் நட்டநடுவில் சாத்தி வைத்தாள்.

"அம்மா, இனி நான் ஒளிக்கமாட்டன். ஏசுறதெண்டால் ஏசுங்கோ."

அம்மா ஏசவில்லை. சோபாவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்ச் எண்டால் விட்ச்தான்," என்றார் அப்பா. "அந்தத் தட்டிலை மிஞ்சின ரோல்ஸை இஞ்சாலை தா."

அலாரம் கேட்டதிலிருந்து, வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்த ஜெஸ்ரின் அன்ரி பின்கதவால் தலையை நீட்டினார்.

"நகுலேஸ் அக்கா, என்ரை பேரிலை எடுப்பிச்சனீங்களே ஒரு பொதி, அதைச் சோபாக் குஷனுக்குக் கீழை வைச்சனீங்களோ? உங்கடை பிள்ளை வாய் திறந்திட்டாளோ?"