ஆந்தை மண்டோரும் ஐந்து வடையும்

ஆந்தைக்குச் சலாம் வைத்த மனிதர் மலேசியாவின் இந்த நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவரும் என் எதிர்வீட்டிலேயே வந்து வாய்த்தார். கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில் நான் குடியிருந்த காலம் அது. அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஆந்தை மண்டோர், அவ்வளவுதான்.

முன்பு அவர் எலி மருந்து மண்டோர். கங்காணி மாதிரி ஆட்களை வைத்து மரத்துக்கு மரம் மருந்துக் கட்டி போட்டவர். ஒருநாள், மருந்து தின்ற எலியைத் தின்ற ஆந்தை ஒன்று அவர் காலடியிலேயே விழுந்து செத்தது. அன்றோடு மனிதர் கட்சி மாறிவிட்டார். எலி பிடிக்க ஆந்தை வளர்ப்போம் என்று நிர்வாகம் கம்பங்களில் மரப்பெட்டி வைத்தபோது, முதல் ஆளாய்ப் போய்ப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். காலையில் பெட்டிக்கடியில் நின்று சலாம் வைத்து, "என்னம்மா, நல்லா சாப்பிட்டியா?" என்று விசாரிப்பார். அது செரிக்காமல் கக்கிப்போட்ட உருண்டைகளைக் குச்சியால் கிளறி எலி மண்டைகளை எண்ணுவார். மண்டை குறைந்த அன்று அவருக்கே பசியாற மனம் வராது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் சிரம்பானிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண் தேநீர்த் தட்டோடு வெளியே வரவும் ஆந்தை அலறவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அழைக்காமலே உள்ளே நுழைந்தார் மண்டோர். உள்ளங்கையில் மூன்று எலி மண்டைகள்.

"ஏம்மா எந்திரிச்சிட்டீங்க? அது சாவுக்கா கத்துது? எலிக்குக் கத்துதுலா! பாருங்க, ஒரே ராத்திரில மூணு!"

பெண் வீட்டார் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவோ மண்டைகளைக் குனிந்து பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எங்க வீட்லயும் எலித் தொல்லை தாங்கலங்க. பெட்டி ஒன்னு கெடைக்குமா?"

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

இப்படிப்பட்டவரோடு நான் மல்லுக்கு நின்ற கதைதான் இது. எலி ஒன்று என் மனைவி சரோஜாவின் கூறைப்புடவையைக் கடித்துவிட்டது. நேரே மண்டோரிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஒங்க ஆந்தை என்னதான் கிழிக்குது?"

"அது தோட்டத்துக்குத்தான் காவல் தம்பி, ஒங்க அலமாரிக்கு இல்ல. வீட்ல பொறி வைங்க. சுவத்து ஓட்டைய சிமெண்டு பூசி அடைங்க. அரிசி டின்ன மூடி வைங்க. மருந்து மட்டும் வேணாம், சொல்லிட்டேன்."

சிமெண்டு பூச எனக்கு ஏது பொறுமை? தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த நண்பன் ஒருவன், செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்தில் கொஞ்சத்தைப் பழைய கிச்சாப் சாஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். அதற்கு என்ன பெயர் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சரோஜா வடை சுட்டு, தட்டைப் பின்கட்டு பெஞ்சில் ஆற வைத்தாள். அதிலிருந்து ஐந்தை நைசாக எடுத்து, மருந்தில் தோய்த்து, பின்சுவர் ஓரமாக வரிசையாக வைத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். என் மூளைக்குப் பூட்டுப் போட்டிருந்த நாள் அது.

திரும்பி வந்தால், கோலா கிளாவாங்கிலிருந்து மாமனார் வந்து உட்கார்ந்திருக்கிறார். சுவர் ஓரம் துடைத்துவிட்டாற்போலச் சுத்தமாக இருக்கிறது. மாமனாரின் மீசையில் பருப்புத் துணுக்கு.

"மாமா, வடை சாப்பிட்டீங்களா?"

"நானா? சத்தியமா இல்ல மாப்பிள்ள!"

எண்ணெய்ப் பண்டமே கூடாது என்று டாக்டர் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் பக்கத்தில் நிற்கும்போது எப்படி ஒப்புக்கொள்வார்?

"மாமா, அதுல மருந்து வெச்சிருந்தேன்!"

"அய்யோ! பின்கட்டுலதான் எடுத்தேன் மாப்பிள்ள... மூணு... இல்ல, அஞ்சு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

சரோஜா போட்ட கூச்சல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். "என்ன மருந்துங்க அது?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கிச்சாப் பாட்டிலைத்தான் தூக்கிக் காட்டினேன். என் கையால் மாமனாரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அவரைக் காரில் தூக்கிப் போட்டு, சரோஜாவையும் ஏற்றி, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தேன்.

தோட்டத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து விழாத குறையாக நின்றது. ஆந்தை மண்டோர்! சட்டை இல்லை, செருப்பு இல்லை, இடுப்பில் கைலி நிற்பேனா என்றது. கையில் ஒரு பிஸ்கட் தகரம்.

"தம்பி! வடை எங்கிட்ட இருக்கு!"

மூடியைத் திறக்க அவரால் முடியவில்லை, அவ்வளவு இறுக்கி மூடியிருந்தார். சாகக் கிடந்த மாமனாரே எட்டி வாங்கித் திறந்தார். எண்ணினோம். ஐந்து. மறுபடி எண்ணினோம். ஐந்தேதான். மாமனார் விழுங்கியதெல்லாம் பெஞ்சில் இருந்த நல்ல வடை.

"பெட்டி பாக்க ஒங்க பின்பக்கமா வந்தேன். சுவரோரம் யாராச்சும் வரிசையா வடை வெப்பாங்களா? பாத்ததுமே வெளங்கிருச்சு. எலி தின்னு, அந்த எலிய என் ஆந்தை தின்னா? அதான் அப்பவே இடுக்கியால எடுத்து மூடிட்டேன். ஒங்க வீட்டுக் கூச்சல் கேட்டுத்தான் ஓடியாந்தேன்" என்றார் மூச்சிரைக்க.

அப்பாடா! அந்த இடத்திலேயே ஸ்டியரிங்கில் தலை சாய்த்து நான் அழுதேன், சரோஜா சிரித்தாள். அப்படியும் மனசு கேட்காமல் மருத்துவமனையில் காட்டினோம். வெறும் வாயு என்றார்கள்.

மறுநாளே பொறி வாங்கினேன். சிமெண்டு குழைத்து ஓட்டைகளை அடைத்தவர் மண்டோர்; என்னைத் திட்டிக்கொண்டே அடைத்தார். அந்தப் பாட்டிலையும் தகரத்தையும் ஸ்டோரிலேயே ஒப்படைக்க வைத்தார்.

இப்போது அவர் சி ரூசாவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் போட்டு நன்றி என்று ஆரம்பித்தாலே, "ஒங்க மாமனாருக்காகவா எடுத்தேன்? என் ஆந்தைக்காகலா எடுத்தேன்!" என்று எரிந்து விழுவார். நானும் சரி சரி என்று கேட்டுக்கொள்வேன். வடை தகரத்துக்குள் போன உடனேயே ஆந்தைகள் பிழைத்துவிட்டன; அதற்கப்புறம் வாசல் வரை அவர் வெறுங்காலோடு விழுந்தடித்து வந்தது எங்களுக்காக.