மனோரமாவை வரவழைத்த அழுகண்ணி

என் மனைவி மனோரமாவை ஒரே வாரத்தில் சித்தூருக்கு வரவழைப்பதென்று சபதம் செய்தேன். திருத்தணியிலுள்ள தாய் வீட்டுக்குப் போனவள், "எங்க ஊரு ஆந்திராவா, மெட்ராஸான்னு முடிவாவட்டும். அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டாள். சர்க்கார் எல்லையை அளந்துகொண்டே இருந்தது. நான் ஒரு தட்டு, ஒரு டம்ளரோடு குடித்தனம் நடத்தினேன்.

நான் சயன்ஸ் வாத்தியார். திருப்பதி மலையடிவாரத்து ஈரமணலில் பூச்சி தின்னும் செடி ஒன்று கிடைத்தது. பட்டர்வொர்ட் என்கிற சீமைச் செடி என்று குதித்தேன். புத்தகத்தைப் புரட்டினால், அதன் இலை வெண்ணெய் தடவினாற்போல இருக்குமாம். இதிலோ சிவப்பு முடி, முடிக்கு முடி பசைத்துளி. நம்மூர் அழுகண்ணிதான்! சட்டியில் வளர்த்தேன். சாயங்காலமானால் அதற்கு எறும்பு, எனக்கு உப்புமா. நான் பேசுவேன், அது எறும்பின்மேல் முடியை மடக்கும். எனக்குத்தான் தலையாட்டுகிறது என்று வைத்துக்கொண்டேன். வேறு யார் ஆட்டுவார்கள்?

பக்கத்து வீட்டுக் கமலம்மா கிருத்திகைக்குத் திருத்தணி கிளம்பினாள். விட்டேன் ஒரு வெடி.

"ஊட்ல ஒருத்தி வந்துக்கிறா, கமலம்மா. பேரு அழுகண்ணி. எதிர்த்துப் பேச மாட்டா. குடுத்ததைத் துன்னுவா."

"அய்யய்யோ, வாத்தியாரே!"

மறுநாள் காலை பஸ்ஸிலேயே மனோரமா வந்து இறங்கினாள். எனக்கு உள்ளே மேளம் கொட்டியது. அவள் நேராகச் சட்டியண்டை போய் உட்கார்ந்தாள்.

"இதுக்கு இன்னா தண்ணி ஊத்தறீங்க?"

"மழைத் தண்ணிதான். கிணத்துத் தண்ணி ஆவாது."

"எரு?"

"போட்டா செத்துப்பூடும். வெயில் மட்டும் நல்லா படணும்."

அக்கறையாகக் கேட்கிறாளே, இனி இங்கேதான் என்று பூரித்து, கடைக்கு ஓடி இன்னொரு டம்ளர் வாங்கி வந்தேன். சட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"அம்மா ஊட்டுக்கு. அங்க கொசு புடுங்குது."

"அப்போ... நான் சொன்னது கேட்டு நீ பதறி வரலியா?"

"கமலம்மா சன்னல்ல எட்டிப் பாத்துட்டு, பூச்சி துன்ற செடின்னுதான் வந்து சொல்லிச்சு. நான் செடிக்குத்தாங்க வந்தேன்."

சாயங்கால பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு டாட்டா காட்டக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை.