எரிமலை விளிம்பில் ஆவி பிடித்தல்

1977 ஜூன் மாதக் குளிரில் மெல்பர்ன் தமிழர்களுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைப்பதற்கு ஒரு கைக்குட்டை போதும். நம்மவர்களுக்கோ ஒரு சுவாமி தேவைப்பட்டார். வந்து சேர்ந்தார் எரிமலையானந்தா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளேட்டன் பகுதியில் நாகராஜன் வீட்டு வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடந்தன. அன்றைக்கு ஊரிலிருந்த தமிழரை எல்லாம் கூட்டினாலும் ஒரு டிராம் நிரம்புமா என்பது சந்தேகம். ஆனால் அந்த ஹாலில் கால் வைக்க இடமில்லை. பாசிமணியும் தாடியுமாக நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள் வேறு முன்வரிசையில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். பக்தி ஒன்றும் இல்லை, நாகராஜனின் மனைவி வேதவல்லியின் வடைக்காகத்தான்.

சுவாமியின் கதை இதுதான். பசிபிக் தீவு ஒன்றில், மலையின் வாய்க்குள்ளே ஓர் அக்கினிக் குளம் கொதிக்கிறதாம். அதன் விளிம்பில் மூன்று நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் ஆவி பிடித்தாராம்.

"ஜலதோஷம் வந்தா வென்னீர்ல ஆவி பிடிக்கிறோம் இல்லையா? இது அம்பாளே அடுப்பு மூட்டி வச்ச ஆவி. இழுப்பு, சளி எல்லாம் ஒரே நாள்ல ஓடிடும்" என்றார்.

தலையைத் துண்டால் மூடி வென்னீர்ப் பானை முன் உட்கார்ந்தே வளர்ந்த ஜாதி நாம். ஒருவரும் மறுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் அந்தத் தீவுக்கு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. பட்டியலில் முதல் பெயர் வேதவல்லி. பத்து வருஷமாக ஆஸ்துமா. மாடிப்படி ஏறினாலே மூச்சுக்குத் தவிப்பவள் எரிமலை ஏறப் போகிறாள்.

நாகராஜன் பாய்லர் எஞ்சினியர். தொழிற்சாலையில் அழுத்தமானியைப் பார்க்காமல் எவரையும் பாய்லர் பக்கம் அண்டவிடமாட்டார். வீட்டில் சுவாமியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படிப்பை ஆபீஸிலேயே கோட்டோடு மாட்டிவிட்டு வந்துவிடுவார் போலும்.

சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, சுவாமி தான் எடுத்ததாகச் சொன்ன படத்தை ஓட்டினார்கள். செக்கச்செவேலென்று எரிமலைக் குழம்பு ஏரி.

"நான் ஜபிச்சா அம்மா கறுப்புப் புடவை கட்டுவா. நிறுத்தினா சிவப்புக்கு மாறுவா."

ஜபித்தார். ஏரியின் மேல் கறுப்புப் படர்ந்தது. நிறுத்தினார். கறுப்பு வெடித்து, பாளம் பாளமாக மூழ்கி, சிவப்பு பிளந்துகொண்டு வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. படத்தில் ஓடும் ஏரி, ஹாலில் சொல்லும் மந்திரத்துக்குக் கட்டுப்படுகிறது என்று நம்ப எவ்வளவு பெரிய மனசு வேண்டும் பாருங்கள்!

பக்கத்து வீட்டுப் பவளம் எழுந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. பல்கலைக்கழக இரசாயனக் கூடத்தில் வேலை.

"சுவாமி களைச்சுப்போனியள். ஒரு வடை சாப்பிடுங்கோ. நாகராஜன் அண்ணை, படத்தைத் திருப்பி ஒருக்காப் போடுங்கோ."

சுவாமியின் வாய் நிறைய வடை. ஏரி கறுத்தது. சுவாமி சட்னிக்குக் கை நீட்டினார். ஏரி சிவந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்; நான்தான்.

"பால் ஆறினா ஆடை பிடிக்குமே, அது மாதிரித்தான்" என்றாள் பவளம். "மேல காத்துப் பட்டு ஆறிக் கறுக்குது. பிறகு வெடிச்சுத் தாழுது. கீழ இருக்கிற குழம்பு ஆயிரம் டிகிரிச் சூடு. அதுக்கு ஒருத்தரும் மந்திரம் சொல்லத் தேவையில்லை."

ஓய்வுபெற்ற கணக்காளர் இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினார். "முதல் சொன்ன மந்திரத்தின்ர பவர் படத்துக்குள்ள ஊறியிருக்கும், பிள்ளை."

கூட்டம் நிம்மதியாகத் தலையாட்டியது.

"குளம் எப்படியோ கறுக்கட்டும் பவளம்" என்றார் நாகராஜன். "எங்களுக்கு ஆவிதானே முக்கியம்."

"அதுதான் அண்ணை என்ர பயம். அந்த ஆவியில கந்தகம் எரிஞ்ச புகை கலந்திருக்கு. சுகமான ஆக்களையே இருமவைக்கும். அக்காவின்ர நெஞ்சு அங்கயே அடைச்சுப்போடும். நிக்கிற விளிம்பும் சில நேரம் இடிஞ்சு விழும். இந்த ஜனவரியில ஆப்பிரிக்காவில ஒரு மலை பக்கத்தால பிளந்து, இப்பிடி ஒரு ஏரி ஒரு மணித்தியாலத்துக்குள்ள வடிஞ்சு போனது. கார் ஓடுற வேகத்தில குழம்பு இறங்கினது. சனம் செத்தது."

வேதவல்லி கையிலிருந்த வடைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது அங்க நடந்த தெய்வக் குத்தம்" என்றார் சுவாமி. "நம்ம அம்மாவோட மூச்சு அமிர்தம். மூணு நாள் குடிச்சவன் சொல்றேன்."

"அப்ப நல்லது. எங்களுக்கும் ஒருக்காக் குடிச்சுக் காட்டுங்கோ" என்று பவளம் கைப்பையிலிருந்து, தயாராகக் கொண்டுவந்திருந்த ஒரு சின்ன டின்னை எடுத்தாள். "ரோசாச் செடிக்குத் தூவுற கந்தகம். ஒரு சிட்டிகை போதும்."

சுவாமிக்குத் திடீரென்று மௌன விரதம் நினைவுக்கு வந்தது. பக்தர்கள் விடுவார்களா? இரத்தினசிங்கம் கொல்லைப்புறத்துக்கு நாற்காலியைத் தூக்கிப் போனார். நாகராஜன் சலவை செய்த துண்டோடு ஓடினார். கும்பிட்ட கைகளாலேயே குருவைத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். எதிரிகள்கூட ஒருவரை இவ்வளவு மரியாதையாக மாட்டிவிடமாட்டார்கள்.

"அக்கா, நீங்கள் உள்ளுக்கு நில்லுங்கோ. யன்னலைச் சாத்துங்கோ. துண்டும் வேண்டாம், சும்மா மணந்தாப் போதும்."

பழைய கரண்டியில் கந்தகம் நீலமாக எரிந்தது. சுவாமி ஒரே ஒரு மூச்சு இழுத்தார். அவ்வளவுதான். கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டே எழுந்து ஓடினார். தோட்டத்தில் ஒற்றைக் கம்பத்தில் குடைபோல விரிந்து சுழலும் துணிக்கொடியில் காவி மேல்துண்டு மாட்டிக்கொள்ள, அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணமும் முடித்தார்.

"மூண்டு நாள் பிடிச்ச ஆள் மூண்டு செக்கன் பிடிக்கேல்லையே" என்றாள் பவளம்.

நாகராஜன் அவரைப் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் எஞ்சினியர் மாதிரிக் கேட்டார்: "சாமி, நீங்க அந்த மலைக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லை. படம் நூலகத்துல இரவல் வாங்கினது."

"வெள்ளிக்கிழமை எங்ககூட மேல வந்து என்ன செய்வீங்க?"

"நான் மேல வர்றதா இல்லையே. கீழ ஹோட்டல்ல உங்களுக்காக ஜபம் பண்றதா இருந்தேன்."

செருப்பைக்கூடத் தேடாமல் சுவாமி நடையைக் கட்டினார். வெள்ளைக்கார இளைஞர்கள் மட்டும், அதுவும் ஒரு தியான முறை என்று எண்ணி, வெறுங்காலோடு பின்னால் போனார்கள்.

புகை அடங்கியதும் வேதவல்லி வெளியே வந்தாள். நேரே கணவரிடம் போய் நின்றாள்.

"நீங்களாவது முதல்லயே அவரைக் கேட்டிருக்கலாமே. நான் அங்க மூச்சுத் திணறிச் செத்திருப்பேனே."

"எல்லாரும் நம்பினாங்க வேதா. கேட்கக் கூச்சமா இருந்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய மனைவியை எரிமலையின் வாயில் கொண்டுபோய் நிறுத்தக் கூசாத மனிதருக்கு, ஒரு கேள்வி கேட்கக் கூச்சமாம். ஐயா, அம்மா, கூச்சத்தைக் கொஞ்சம் கட்டி வையுங்கள். கேள்வி கேட்டு இதுவரை யாருக்கும் மூச்சு நின்றதில்லை.