மகிழ்ச்சியின்மைச் சான்றிதழ்

மோர்டென்ஸ்ருட்டில் வசிக்கும் யோகலிங்கம் தமது ஐம்பத்துமூன்றாம் வயதில் ஒரு கார் வாங்கத் தீர்மானித்தார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒஸ்லோவில் தமிழர் எல்லாரும்தான் கார் வாங்குகிறார்கள். வேலைக்குப் போக, கோயிலுக்குப் போக, மச்சான் வாங்கிவிட்டான் என்பதற்காக, இப்படித் தக்க காரணங்களுக்காக வாங்குகிறார்கள். யோகலிங்கத்தின் காரணம்தான் கொஞ்சம் விபரீதமானது. அவருக்குக் கார் ஓட்ட ஆசையாக இருந்தது.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் நகரப் பேருந்துச் சாரதி. இவ்வளவு காலத்தில் ஒரு வளைவைக்கூட அவர் தம் இஷ்டத்துக்குத் திருப்பியதில்லை. வளைவு வந்தால் பேருந்தின் நடுவில் நிற்கும் குழந்தை வண்டியை நினைக்க வேண்டும், கையில் கோப்பியோடு நிற்பவரை நினைக்க வேண்டும், பிறகு பிரேக்கில் காலை வைக்க வேண்டும். பின்னால் ஒருவருமே இல்லாமல், நன்றாக உறுமுகிற வண்டி ஒன்றில், ஒரே ஒரு வளைவை ஆசை தீர எடுக்க வேண்டும். மனுசன் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது இவ்வளவுதான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நின்றது. வெள்ளை நிறம், மின்சாரம். அது மனைவி புஷ்பராணியின் தமையன் பரமநாதனின் ஆலோசனைப்படி வாங்கியது. பரமநாதன் யாரும் கேட்பதற்கு முன்பே ஆலோசனை வழங்கும் பெருந்தன்மை உள்ளவர். அவர் சொல்லித்தான் பாதிச் சனம் வெள்ளை மின்சாரக் கார் வாங்கியது. மீதிப் பாதி, முதல் பாதி வாங்கியதைப் பார்த்து வாங்கியது. அம்மருட்டில் கோயிலுக்குப் போனால் தரிப்பிடம் முழுக்க ஒரே நிறம், ஒரே உருவம். ஒரு திருவிழாவன்று பரமநாதன் தன்னுடைய கார்தான் என்று ஒன்றில் ஏறி அமர்ந்து, அங்கே இருந்த வடையில் நான்கைத் தின்று முடித்த பிறகு, பின்சீட்டில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மரியாதை கருதி வாய் திறக்காமல் இருப்பதைக் கண்டார். முன்பெல்லாம் சந்தித்தால் “சுகமோ?” என்று கேட்ட சனம் இப்போது “எத்தனை வீதம் நிக்குது?” என்று பற்றரியைத்தான் விசாரிக்கிறது.

சட்டம் படிக்கும் மகள் யதுர்ஷா அப்பாவுக்காகக் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினாள். வேகமான புதுக் கார்களின் விலைக்கு மோர்டென்ஸ்ருட்டில் வீடே வாங்கலாம். இருபது வயதான ஜெர்மன் கார்கள் மலிவுதான், ஆனால் வரியும் கராஜ்காரனும் சேர்ந்து ஆளை உரித்துவிடுவார்கள்.

“அப்பா, முப்பது வயசு தாண்டின காருக்கு வருச வரி குறைவு” என்றாள் யதுர்ஷா.

“மனுசருக்கு?”

“மனுசருக்கு அப்பிடி ஒண்டும் இல்லை.”

இப்படியாகத் திராம்மன் நகரில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரிடமிருந்து சிவப்புக் கார் ஒன்று வந்து சேர்ந்தது. யப்பான் தயாரிப்பு, வயது முப்பத்தொன்று. ஒரு பொத்தானை அமர்த்தினால் முன்விளக்குகள் இரண்டும் இமை திறந்து எழும்பும். யோகலிங்கம் முதல் நாள் அந்தப் பொத்தானை நாற்பது தடவை அமர்த்திப் பார்த்தார். புஷ்பராணி சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள், சந்தனப் பொட்டு வைத்தாள், பிள்ளையாரை முன்னால் ஒட்டினாள். அதன்பிறகுதான் கேள்வி கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, ரெண்டு சீட்தானே இருக்கு. பிள்ளை எங்கை இருக்கிறது?”

“பிள்ளைக்கு இருபத்துநாலு வயசு, ராணி.”

“அதுக்கு?”

யோகலிங்கம் நாற்பத்தோராவது தடவையாகப் பொத்தானை அமர்த்தினார்.

வரிக் குறைப்புத் தானாக வராது. மரபு வாகனச் சபை என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதற்குப் பதினொரு பக்க விண்ணப்பம் அனுப்ப வேண்டும். யோகலிங்கம் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து நிரப்பினார். இருபத்தேழாவது கேள்வி இது: “மேற்படி வாகனத்தை ஓட்டும்போது உங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகிறதா?”

யோகலிங்கம் அன்று காலைதான் காரைச் சுற்று வட்டத்தில் மூன்று முறை சுற்றிவிட்டு வந்திருந்தார். மனம் நிறைந்திருந்தது. “ஓம். மிகவும்!” என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. அவருடைய விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டதாகவும், முப்பது வயது கடந்த வாகனம் தேசத்தின் பண்பாட்டுச் சின்னம் என்பதைச் சபை நினைவூட்ட விரும்புவதாகவும், பண்பாட்டுச் சின்னத்தால் தனிநபர் எவரும் மகிழ்ச்சி அடைவது அதன் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்றும், மகிழ்ச்சி தரும் வாகனம் எதுவானாலும் கேளிக்கைச் சாதனமாகவே வரி விதிக்கப்படும் என்றும் அது தெரிவித்தது. வரித் தொகை கீழே இருந்தது. அதைக் கட்டுவதானால் காரை விற்றுத்தான் கட்ட வேண்டும். மறுப்பு இருந்தால் காரின் மகிழ்ச்சியின்மையை நிரூபிக்கும் ஆதாரங்களோடு நேரில் வரலாம்.

செய்தி கேட்டுப் பரமநாதன் ஓடி வந்தார்.

“மச்சான், உமக்கென்ன விசரே? ஒஃபிசில கேட்டா கஷ்டம் எண்டுதானே எழுதோணும்! இந்த நாட்டுக்கு வந்திறங்கின அண்டு முதல் நாங்கள் எழுதிற எல்லாத்திலையும் கஷ்டம் எண்டுதானே எழுதிறனாங்கள்? பாட்ஸ்பியோர்ட்டில மீன் வெட்டேக்கை முதுகு நோகுதோ எண்டு கேட்டாங்கள். நோகேல்லை, ஆனா ஓம் எண்டனான். கதிரை தந்தாங்கள்!”

“அப்ப எனக்கு உண்மையாச் சந்தோசமா இருந்தது, மச்சான்.”

“அதை ஏன் எழுத்தில குடுத்தனீர்?”

அகதி விசாரணையில் மூன்று மணித்தியாலம் தம் துன்பத்தை நிரூபித்து நாட்டுக்குள் வந்த ஆள் யோகலிங்கம். இன்பத்தை ஒளிக்க வேண்டும் என்பதை மட்டும் எப்படியோ மறந்துவிட்டார். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தரிப்பிடத்துக்குப் போய்க் காருக்குள் ஏறி, ஸ்டார்ட் செய்யாமல், சும்மா இருந்துவிட்டு வந்தார்.

புஷ்பராணிக்கு மனம் பொறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து கலியாண அல்பத்தை இறக்கினாள்.

“இதைக் கொண்டு போய்க் காட்டுங்கோ. நானூற்றுப் பன்ரண்டு படம். ஒண்டில சிரிச்சிருக்கிறியளே? தாலி கட்டேக்கையும் வரி கட்டிற மூஞ்சிதான். இந்த ஆளுக்குச் சந்தோசமே வராது எண்டு சொல்லுங்கோ. நான் சாட்சி.”

யதுர்ஷா சட்டம் படிப்பவள். “அம்மா, இது நல்ல பெவீஸ்” என்று ஆதாரத்தின் தரத்தை உறுதிசெய்தாள்.

சபையில் அவர்களை வரவேற்றவர் கிறிஸ்ரியன். நேர்மையான மனிதர், கண்ணாடி அணிந்தவர், விதி என்றால் விதி. நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தார். அதற்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. ஐஸிங் கேக் வெட்டும் படத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

“இது உங்கள் திருமணமா?”

“ஆம்.”

“அன்று நீங்கள் துயரத்தில் இருந்தீர்களா?”

யோகலிங்கம் மனைவியைப் பார்த்தார். புஷ்பராணியும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரில் எந்த மனிதனும் உண்மையைத்தான் சொல்வான்.

“இல்லை. வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாள். படத்துக்குச் சிரிக்காதது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை பல்லைக் காட்டினால் மரியாதை இல்லை.”

கிறிஸ்ரியன் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியானால் இதுதான் உங்கள் மகிழ்ச்சியான முகம். சபை இதை உங்கள் அதிகாரபூர்வ மகிழ்ச்சி முகமாகப் பதிவு செய்கிறது. அடுத்து நான் உங்கள் காரில் ஏறிச் செய்யும் வீதிச் சோதனையில் இந்த முகம் தென்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.”

“அப்படியானால் நான் என்ன முகத்தோடு ஓட்ட வேண்டும்?”

“இதற்கு நேர்மாறான முகத்தோடு.”

ஆக, மகிழ்ச்சி இல்லை என்று காட்ட யோகலிங்கம் சிரிக்க வேண்டும். சோதனைக்குப் பத்து நாள் இருந்தது. யதுர்ஷா கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கினாள். “அப்பா, மேல் பல்லும் தெரியோணும். கண்ணை ஏன் மூடுறீங்கள்?” அவர் பேருந்திலும் பயிற்சியை விடவில்லை. ஆண்டுக்கணக்காக அவரோடு பயணம் செய்தவர்கள் அந்தச் சிரிப்பைக் கண்டு அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடந்தார்கள். வெறுமனே சிரித்தால் அரை நிமிடத்தில் வாய் மூடிக்கொண்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பரமநாதன் மின்சாரக் காரில் பெர்கன் போய் வந்த கதையை, எந்தெந்த இடத்தில் எத்தனை வீதம் நின்றது என்பதை, அவர் சொன்ன ஒழுங்கிலேயே நினைத்துக்கொண்டார். தாங்க முடியாத அந்த வேதனையில் சிரிப்புத் தானாக வந்து நின்றது, போகவில்லை.

சோதனை நாள் நல்ல வெயில். கிறிஸ்ரியன் பக்கத்துச் சீட்டில் ஏறி, தாலி கட்டும் படத்தைப் பிள்ளையாருக்கு அருகில் செருகினார், ஒப்பிடுவதற்காக. கார் எனெபாக் வீதியில் ஏறியது. இருபுறமும் காடு, முன்னால் வெறும் வீதி. யோகலிங்கம் எல்லாப் பற்களையும் காட்டியபடி ஓட்டினார்.

பிறகு அந்த வளைவு வந்தது. பின்னால் குழந்தை வண்டி இல்லை, கோப்பி இல்லை. கியரைக் குறைத்தார். எஞ்சின் உறுமியது. கார் வீதியைப் பிடித்துக்கொண்டு திரும்பிய திரும்பலில், இருபத்திரண்டு வருடமாக வயிற்றுக்குள் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்கு எழும்பி வந்தது. கண் கலங்கியது. அந்தச் சந்தோசத்தில் அவருடைய உதடுகள் மெல்ல மூடின. புருவம் இறங்கியது. தாடை இறுகியது. மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார்.

கிறிஸ்ரியன் படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

‘ஹோனஃபொஸ்ஸில நாற்பத்தொரு வீதம்’ என்று யோகலிங்கம் அவசரமாக நினைத்தார். ‘கோலில பதினெட்டு வீதம். சார்ஜரில மூண்டு பேர் வரிசை. மச்சான் இறங்கி மூண்டு பேரோடையும் கதைச்சவர்.’ பற்கள் திரும்பி வந்தன, கடைவாய்ப் பல்வரைக்கும்.

“போதும், நிறுத்துங்கள்” என்றார் கிறிஸ்ரியன். “அலுவலில் இவ்வளவு துயரத்தை நான் கண்டதே இல்லை.”

சான்றிதழ் முத்திரையோடு வந்தது. அதில் ஒரே ஒரு நிபந்தனை: காரை ஓட்டும்போதெல்லாம் சோதனையில் காட்டிய முகமே இருக்க வேண்டும், அதிகாரிகள் எந்தச் சுற்று வட்டத்திலும் நிற்கக்கூடும். யோகலிங்கம் சனிக்கிழமைதோறும் பல்லைக் காட்டிக்கொண்டு போனார். பல் தெரிய வேண்டுமானால் பெர்கன் பயணத்தை நினைக்க வேண்டும். அதனால் இரண்டு சீட் உள்ள அந்தக் காரில் பரமநாதன் எப்போதும் கூடவே வந்துகொண்டிருந்தார். வளைவுகள் வந்தன, போயின. ஒன்றும் நெஞ்சுவரை எழும்பவில்லை.

உண்மையான பரமநாதன் அவரை வீதியில் கண்டார். சனத்துக்கு முன்னால் சிரித்தே பழக்கமில்லாத மச்சான் இப்படிச் சிரிப்பதென்றால் காரில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்து, தானும் ஒரு சிவப்புக் கார் வாங்கினார். கேட்பதற்கு முன்பே எல்லாருக்கும் ஆலோசனையும் வழங்கினார். ஒரு வருடத்துக்குள் கோயில் தரிப்பிடம் சிவந்துவிட்டது. “எத்தனை வீதம்?” போய் “என்ன வருசம்?” வந்தது. எல்லாரும் சபைக்குக் கலியாண அல்பம் கொண்டு போனார்கள், எல்லாரும் சிரித்துப் பழகினார்கள், எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது. பரமநாதன் மறுபடியும் வேறொருவர் காரில் ஏறினார். இந்த முறை அதில் மோதகம் இருந்தது.

சபையின் ஆண்டறிக்கை வெளியானது. மகிழ்ச்சியின்மை அத்தாட்சிப்படுத்தப்பட்ட தமிழர் நூற்று நாற்பத்திரண்டு பேர். வேறு எந்தச் சமூகத்திலும் இவ்வளவு இல்லை. மேலிடம் கவலைப்பட்டது. கவலைப்பட்ட கையோடு ‘மகிழ்ச்சி அறிமுகப் பயிற்சி’ என்ற ஒன்றை ஏற்பாடு செய்து, சான்றிதழ் பெற்றவர்கள் தத்தமது வாழ்க்கைத் துணையோடு தவறாமல் வர வேண்டும் என்று உத்தரவிட்டது. மே முதல் செப்ரெம்பர்வரை, சனிக்கிழமைகளில், பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை. நோர்வேயில் பழைய கார் ஓட்டத் தோதான நாட்கள் மொத்தமும் அவைதான். மண்டபத்தில் வாகனத் தரிப்பிடம் இல்லாததால் விசேட பேருந்து விடப்பட்டது. யோகலிங்கத்துக்கு மட்டும் பயிற்சியிலிருந்து விலக்குக் கிடைத்தது. பேருந்தை யாராவது ஓட்ட வேண்டுமே.

முதல் சனிக்கிழமை. பேருந்து நிறையச் சனம். வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் கார்களை நினைத்து ஒருவரும் கதைக்கவில்லை. பரமநாதன்கூட வாய் திறக்கவில்லை, வீதமும் இல்லை, வருசமும் இல்லை. முன்சீட்டில் புஷ்பராணி. அடுத்த பக்கம் பயிற்சி ஆசிரியராக நியமிக்கப்பட்ட கிறிஸ்ரியன், மடியில் குறிப்புப் புத்தகம்.

எனெபாக் வீதி. இருபுறமும் காடு. அதே வளைவு.

என்ன வந்ததென்று யோகலிங்கத்துக்கே தெரியாது. பிரேக்கில் வைக்க வேண்டிய காலை வைக்கவில்லை. பெரிய பேருந்து ஒரு பக்கம் சாய்ந்து, அழகாக, வட்டமாகத் திரும்பியது. “ஐயோ!” என்று சனம் முழுக்க ஒரே பக்கமாகச் சரிந்தது. பிறகு பின்னால் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

புஷ்பராணி கண்ணாடியில் புருசனின் முகத்தைப் பார்த்தாள். உதடு மூடியிருந்தது, புருவம் இறங்கியிருந்தது, தாடை இறுகியிருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் மணவறையில் தனக்குப் பக்கத்தில் இருந்த அதே முகம். அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் கிறிஸ்ரியன் புத்தகத்தைத் திறந்து பேனாவைத் தேடுவதையும் அவள் கண்டுவிட்டாள். முன்னால் குனிந்தாள்.

“இஞ்சாருங்கோ, கெதியாச் சிரியுங்கோ” என்றாள். “பஸ்சுக்கும் வரி போட்டிடுவாங்கள்.”