சத்தமில்லாத கிறிஸ்மஸ்

மத்தியானம் வைத்த மீன்சோற்றைக் குட்டன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வால்துண்டு, இதுக்கு நடுத்துண்டு. பொறவும் திங்கல்லியே!" என்றார் மரியஜான், தட்டை நாயின் மூக்கருகே நகர்த்தியபடி.

"நீங்களும் ஊளையிடுங்கோ, நடுத்துண்டு வைக்கேன்" என்றாள் மனைவி குளோரி. பிறகு அவள் குரல் இறங்கியது. "நாளைக்கி கிறிஸ்மஸ். நாளைக்கும் இது திங்காட்டா, தந்த ஆளுகிட்டயே கொண்டு விட்டுருங்கோ. ஒரு உயிரு பட்டினி கெடக்கத காண எனக்குக் கழியாது."

மரியஜான் குட்டனை இழுத்து அணைத்துக்கொண்டார். மகன் துபாய்க்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவர் சொல்வதை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் குட்டன்தான். முந்தாநாள் வந்த நாய். அதற்குள் அப்படியொரு பாசம். கொடுத்தவர் சுயம்புராஜ், ஏதோ கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார். நாயிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிப்பாட்டியபோது தண்ணீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளையாக ஓடியது, அவ்வளவுதான்.

தெருவில் யாரோ ஒரு பொட்டுவெடி போட்டார்கள். குட்டன் துள்ளி எழுந்தது. தட்டைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, பிறகு நீளமாக ஊளையிட்டது.

"கண்டியா? வெடிக்குப் பேடிச்சுத்தான் பாவம் திங்காம கெடக்கு!"

நோய் பிடிபட்டதும் மரியஜான் வைத்தியத்தில் இறங்கினார். முதலில் காதில் பஞ்சு வைத்தார். குட்டன் தலையை உதறி, விழுந்த பஞ்சை மென்று துப்பியது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அது வாயில் போட்ட முதல் பண்டம் அந்தப் பஞ்சுதான். அடுத்து, தட்டோடு அதை அடுக்களையில் விட்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்தார். சத்தம் குறையக் குறைய ஊளை கூடியது.

உடனே தெருவில் இறங்கி வீடு வீடாகக் கும்பிட்டார். ஒரு வாயில்லா ஜீவனுக்காக இந்த ஒரு கிறிஸ்மஸ் மட்டும் வெடிக்காமல் இருக்கக் கூடாதா?

"வெடிக்காண்டாம்னா சரி" என்றாள் பக்கத்து வீட்டு ரெனிஷா. "ஆனா கையில இருந்தா எங்களால சும்மா இருக்க முடியாது. நீங்களே கொண்டு போய் வச்சுக்கிடுங்கோ."

அது எல்லோருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த வெடியெல்லாம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மரியஜான் வீட்டு முன்வாசல் சிட்-அவுட்டில் வந்து குவிந்துவிட்டது. தெருவே கப்சிப். குட்டன் மட்டும் மூச்சு விடாமல் ஊளையிட்டது.

"வெடின்னா ஒருக்கா பொட்டிட்டு நிக்கும்!" மதில் மேலாக ரெனிஷா கத்தினாள். "இதுக்கு ஒரு முடிவே இல்லியா?"

இருட்டத் தொடங்கும்போது கோயில் கேரோல் கூட்டம் வந்தது. மரியஜான் கேட்டிலேயே மறித்தார்.

"மக்கா ஜெஃப்ரின், டிரம் அடிக்காண்டாம். பாட்டும் மெதுவா."

"டிரம் இல்லாம கேரோலா, மாமா? நாங்க வந்தது எப்பிடித் தெரியும்?"

"ஆளுக்கொரு மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டு வாங்கோ. பார்க்கவும் அழகா இருக்கும்."

உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பாலன் பிறந்த செய்தியை ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுத்தபடி எல்லோரும் பதுங்கிப் பதுங்கி வந்தார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் செருப்பைக்கூடக் கையில் பிடித்திருந்தார். குளோரி கேக் தட்டை நீட்டினாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் மெழுகுதிரி. தாத்தா சுற்றிலும் பார்த்துவிட்டு, வசதியாக இருந்த அட்டைப்பெட்டியின் மேல் மெழுகுதிரியை வைத்தார்.

"அய்யோ, அதுக்க மேல வைக்காண்டாம்!" மரியஜான் பாய்ந்தார்.

திரி சாய்ந்துவிட்டது. பெட்டி பற்றிக்கொண்டது.

கூட்டம் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடியது. மரியஜான் குளோரியை இழுத்துக்கொண்டு கிணற்றின் மறைவில் பதுங்கினார். அந்தத் தெரு மூன்று நாளைக்கு வெடிக்க வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெடித்தது. கடைசியில் டமார் என்று ஒன்று விழ, வீட்டு ஓடுகள் கலகலத்தன. தாத்தாவின் தாடி கேட்டில் தொங்கியது.

"போச்சு! எனக்க குட்டன் நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போச்சு!" மரியஜான் அழுதுகொண்டே பின்வாசல் வழியாக அடுக்களைக்கு ஓடினார்.

குட்டன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மீன்சோற்றுத் தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. இப்போது அது நாளைய ஆப்பத்துக்கு அரைத்து வைத்த மாவில் தலையை விட்டிருந்தது.

குளோரி மாவுப் பாத்திரத்தைப் பிடுங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் புகையை விலக்கிக்கொண்டு பின்வாசலில் ஒருவர் வந்து நின்றார். சுயம்புராஜ்.

"போனு ரிப்பேரு. அதான் நேர்லயே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பய ஒழுங்கா திங்குதானா?"

"இந்தா, இப்பத்தான் அண்ணாச்சி வாய வச்சான்! இவ்வளவு வெடிக்கும் பேடிக்காம நிக்கான் பாத்தேளா?"

சுயம்புராஜ் குனிந்து குட்டனின் தலையைத் தடவினார்.

"பாறைக் குவாரியில பொறந்த நாயில்லா? அங்க வெடி போட்ட பொறவுதான் எல்லாருக்கும் சோறு... நாளைக்கி மத்தியானத்துக்கு ஒரு பெரிய வெடியாவது மிச்சம் வச்சிருக்கியளா?"